பின்கட்டில் முதன்முதலாக ஆறு வெடக்கோழி: எங்கிருந்து தொடங்குவது?

பள்ளத்தூர் மருமகள் | ஜனவரி 9, இரவு 9:40

வணக்கம். சென்னையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, போன ஐப்பசியில் குடும்பத்தோடு பள்ளத்தூர் வந்துவிட்டோம். மாமனார் காலத்து வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அடுப்படிக்குப் பின்னால் கிணற்றடி, அதற்கும் பின்னால் பத்து சென்ட் போல வெறும் செம்மண் கிடக்கிறது. இரண்டு வேம்பு, ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை. கோழி வளர்க்கணும் என்று பிள்ளைகள் இரண்டும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கும் ஆசைதான். அயித்தையும் சரி என்று சொல்லிவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: கோழி வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள், வரக்கூடாது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எச்சம் விழக்கூடாது.

குஞ்சாக வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. சென்னையில் இருந்தபோது பேருந்து நிலையத்தில் கலர் குஞ்சு வாங்கிக் கொடுத்து, மூன்றாம் நாளே அது செத்துப்போய்ப் பிள்ளைகள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் முட்டையிடப் போகிற பருவத்தில் உள்ள வெடக்கோழியாக ஆறு வாங்கலாம் என்று யோசனை. வீட்டில் ஆறு பேர். வாரத்துக்கு இருபது முட்டை கிடைத்தால் போதும்.

எந்த வகை, எத்தனை வாரத்தில் வாங்குவது, கூடு எப்படி இருக்கணும், சேவல் வேண்டுமா, ஊசி போடணுமா? எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

செம்மண் தோட்டம் | ஜனவரி 9, இரவு 10:25

தங்கச்சி, முட்டைதான் நோக்கம் என்றால் பழுப்பு முட்டை இடும் பிவி 380 என்கிற பண்ணைக் கோழி வாங்குங்க. காரைக்குடியில் வீட்டுக்குப் பின்னால் நாலு வருஷமாக எட்டு வைத்திருக்கிறேன். நல்ல தீவனம் போட்டால் ஒரு கோழி வருஷத்துக்கு 300 முட்டையை ஒட்டி இடும். சாதுவானது, பிள்ளைகள் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடணும்: தினமும் 110 கிராம் லேயர் தீவனம் (முட்டையிடும் கோழிக்கான தீவனம்) அதற்குக் கட்டாயம். மேய்ந்து தின்னட்டும் என்று விட்டால் முட்டை நின்றுபோகும், கோழியும் எலும்பும் தோலுமாக ஆகிவிடும்.

அந்தக் கலர் குஞ்சு பற்றி: அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று கழித்துவிடும் சேவல் குஞ்சுகள். சூடும் இல்லாமல் தீவனமும் இல்லாமல் கூடையில் கிடந்து வருபவை. அது செத்தது உங்கள் தப்பு இல்லை.

ஊருணிக்கரை | ஜனவரி 10, காலை 5:50

ஆத்தா, பண்ணைக் கோழி வேண்டாம். நம்ம மண்ணுக்குச் சிறுவிடைங்கிற நாட்டுக்கோழிதான். எங்க அப்பத்தா காலத்துல இருந்து தேவகோட்டையில எங்க வீட்டுல சிறுவிடை இல்லாத நாள் கிடையாது. விடிஞ்சதும் திறந்து விட்டா கரையான், பூச்சி, சிந்தின நெல்லுன்னு அதுவே பொறுக்கித் தின்னும். சாயங்காலம் ஒரு கை கம்போ குருணையோ போட்டாப் போதும். பருந்து நிழல் பட்டாலே புதருக்குள்ள பாஞ்சுரும். பண்ணைக் கோழி அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கும்.

முட்டை கம்மிதான், ஒத்துக்கிறேன். பன்னெண்டு, பதினஞ்சு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துரும். ஆனா அதுதான் உனக்கு அடுத்த வருசத்துக் கோழி. காசு குடுத்துக் குஞ்சு வாங்க வேண்டியதில்லை.

கிணற்றடி | ஜனவரி 10, காலை 7:10

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தப் பெண் கேட்டது வாரத்துக்கு இருபது முட்டை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிறுவிடை வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை. ஆறு கோழி என்றால் வாரத்துக்கு எட்டு முட்டைதான் வரும், அதுவும் எல்லாம் ஒன்றாக அடைக்குப் படுத்தால் அதுவும் இல்லை. பிவி 380 ஆறு வைத்தால் வாரத்துக்கு 33, 34 வரும். ஆனால் அது கூண்டிலேயே வைத்துத் தீவனம் போடவென்று வந்த கோழி. வெட்ட வெளியில் சித்திரை வெயிலில் அதைக் காப்பாற்றுவது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிரமம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியா. கொஞ்சம் மேயும், கொஞ்சம் தீவனம் தின்னும், பழுப்பு முட்டை. வீட்டு வளர்ப்பில் வருஷத்துக்கு 180 என்று வைத்தாலும் ஆறு கோழிக்கு வாரம் 21 வந்துவிடும். நம் கால்நடைப் பல்கலைக்கழகத்து நந்தனம் கோழியும் புழக்கடைக்கு ஏற்றது. வனராஜா என்று கேட்டால் கொடுப்பார்கள், அது உடம்பு கனத்த கோழி, கறிக்கும் சேர்த்து வளர்ப்பது. உங்களுக்கு அது வேண்டாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலும் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

ஆனால் தங்கச்சி, கோழியைப் பற்றி இவ்வளவு பேசினேன், நான் சொல்ல வந்தது அது இல்லை. முதலில் கூடு. கூடு கட்டி, கதவு போட்டு, தாழ்ப்பாள் பூட்டிப் பார்த்த பிறகுதான் கோழி வாங்கக் கிளம்பணும். இருபது வருஷத்தில் நோயில் போன கோழியை விட ராத்திரியில் கீரிக்கும் மரநாய்க்கும் நாய்க்கும் போனதுதான் என்னிடம் அதிகம். "ரெண்டு நாள் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைப்போம், கூடு அப்புறம் கட்டிக்கலாம்" என்று தொடங்கிய யாருடைய கோழியும் ஒரு மாதம் நிலைத்து நான் பார்க்கவில்லை. பஞ்சாரம் பகலுக்கு. தெருநாய் ஒன்று முட்டினால் உருண்டுவிடும்.

ஆறு கோழிக்கு நாலடிக்கு நாலடி தாராளம். ஐந்தடிக்கு நாலடி கட்டினால் பின்னால் வருத்தப்பட மாட்டீர்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே இறங்காது. வடக்கும் தெற்கும் வலை. அந்த வேம்பு நிழலில் வையுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, நாலு மூலைக்கும் செங்கல் தூண். அடித்தளம் மூங்கில் பிளாச்சோ பனஞ்சட்டமோ, முக்கால் அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், வாரத்துக்கு ஒரு முறை அள்ளி எலுமிச்சைக்குப் போடலாம். வலை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அறுகோணக் கண்ணாக முறுக்கி வரும் கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். தகரம் மட்டும் போட்டால் மே மாதத்தில் அடுப்புதான். பழைய நாட்டு ஓடு இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் தகரத்தின் மேல் தென்னங்கீற்று.

உள்ளே ஏறி உட்காரக் கம்பு வேண்டும், ஆளுக்கு எட்டு அங்குலம். உருட்டுக் கம்பி வேண்டாம், இரண்டங்குலச் சட்டத்தின் விளிம்பை இழைத்துப் போடுங்கள், பாதம் நோகாது. முட்டையிட இரண்டு பெட்டி, ஓரடி கன அளவு, வைக்கோல் போட்டு, கொஞ்சம் இருட்டாக. வாயகன்ற பழைய மண்பானையைச் சாய்த்து வைத்தாலும் விரும்பிப் போகும். உட்காரும் கம்பை விடப் பெட்டி தாழ்ந்திருக்கணும், இல்லாவிட்டால் ராத்திரி பெட்டியிலேயே தூங்கி எச்சமாக்கிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் இடித்த வீட்டு ஜன்னல் கம்பிச் சட்டம் கிடைக்கும். என் கூட்டுக் கதவு அப்படி வந்ததுதான், எந்த நாயும் அசைக்க முடியாது.

பள்ளத்தூர் மருமகள் | ஜனவரி 10, மதியம் 2:30

அண்ணே, இதை அச்செடுத்து ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். கிராமப்பிரியா என்று முடிவு செய்கிறோம். ஊருணிக்கரை ஆச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், சிறுவிடை ஆசை எனக்கும் இருக்கிறது. வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கிணற்றடி | ஜனவரி 10, இரவு 8:05

14 முதல் 16 வாரத்தில் வாங்குங்கள். அதற்குள் தடுப்பூசியில் முக்கியமானவை முடிந்திருக்கும், குளிர் தாங்கும், முட்டை தொடங்குவதற்கு முன் உங்கள் வீட்டில் பழக ஒன்றரை மாதமாவது கிடைக்கும். முட்டையிடத் தொடங்கிய கோழியை இடம் மாற்றினால் அந்த அதிர்ச்சியில் முட்டையை நிறுத்திவிடும். ஆறும் ஒரே இடத்தில் ஒரே வயதில் வாங்கணும். இன்றைக்கு நாலு, அடுத்த மாதம் இரண்டு என்றால் பின்னால் வந்த இரண்டையும் கொத்தி மண்டையைப் புண்ணாக்கிவிடும்.

சந்தையில் வாங்காதீர்கள். எட்டு வருஷம் முன்னால் ஒரு வியாபாரி "முட்டைக்கு வந்த வெட" என்று சொல்லிப் பத்துக் கோழி கொடுத்தார். எடை நன்றாக இருந்தது, வாங்கிவிட்டேன். அவை பண்ணையில் காலம் முடிந்து கழித்த கோழிகள். மாதத்துக்கு நாலு முட்டை கூட வரவில்லை. அன்றைக்கு நான் பார்க்கத் தவறியதைச் சொல்கிறேன்: வெடக்கோழியின் கால் செதில் வழவழப்பாக, பளபளப்பாக இருக்கும், கிழட்டுக் கோழிக்குச் சொரசொரவென்று தூக்கிக்கொண்டிருக்கும். நகம் நீண்டு வளைந்திருந்தால் கூண்டில் நின்ற கோழி. வெடையின் கொண்டை சின்னதாக, வெளிறிய சிவப்பில் இருக்கும். ஆசனவாய்க்கு இரு பக்கமும் இரண்டு கூர் எலும்பு தட்டுப்படும். இன்னும் முட்டையிடாத கோழியில் அதன் நடுவே ஒரு விரல்தான் நுழையும். "இன்னும் முட்டைக்கே வரவில்லை" என்று சொல்லிவிட்டு, அங்கே இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் சொல்வது பொய். பின்புறச் சிறகில் எச்சம் ஒட்டியிருந்தாலோ, காதருகே வைத்துக் கேட்டால் மூச்சு கரகரத்தாலோ அந்தக் கூட்டத்தில் எதையும் வாங்க வேண்டாம்.

சாயங்காலம் கொண்டு வந்து, இருட்டியதும் கூட்டுக்குள் கம்பின் மேல் ஏற்றி விடுங்கள். பத்து நாள் வெளியே விடக்கூடாது. அது தன் வீடு என்று மனதில் பதியணும். பிறகு முதல் வாரம் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் திறந்து விட்டால், இருட்டுக்குப் பயந்து தானாக ஏறிவிடும். தீவனம் வளர்கோழித் தீவனம்தான். முதல் முட்டை வரும் வரை லேயர் தீவனம் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம், வளர்கிற கோழிக்கு வேண்டியது 1 சதவீதம்தான். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐம்பது கிலோ மூட்டையாக வாங்காதீர்கள். ஆறு கோழி அதைத் தின்று முடிக்க மூன்று மாதம் ஆகும், அதற்குள் பூசணம் பிடிக்கும். பத்துப் பத்துக் கிலோவாக வாங்குங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிடுங்கள், ஈரலை அழித்துவிடும்.

ஓட்டு வீடு | ஜனவரி 11, காலை 9:15

கானாடுகாத்தானில் இருந்து எழுதுகிறேன். சேவல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? எனக்கும் அதே சந்தேகம். சேவல் இல்லாமல் முட்டை வருமா?

செம்மண் தோட்டம் | ஜனவரி 11, காலை 9:40

வரும். முட்டையிடுவது பெட்டையின் உடம்பு வேலை, சேவலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குஞ்சு வேண்டுமென்றால் மட்டும் எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். சேவல் இல்லாத முட்டை சத்தில் குறைவும் இல்லை, பழுப்பு ஓட்டில் கூடுதலும் இல்லை. தெருவை ஒட்டி வீடு என்றால் முதல் வருஷம் சேவல் வேண்டாம், அதிகாலை நாலு மணிக்கே கூவத் தொடங்கிவிடும்.

ஓய்வு ஆய்வாளர் | ஜனவரி 11, இரவு 7:50

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊசி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் பக்கம் கோழியைக் கூட்டம் கூட்டமாக அதிகம் கொல்வது ஒரு நோய்: வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்று சொல்வதும் இதுதான். 1920-களில் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். மாசி, பங்குனி தொடங்கி வெயில் ஏற ஏறப் பரவும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், சிறகு தொங்கும், சில கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இது வைரஸ். வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டும்தான் முடியும்.

கோழி வாங்கும் இடத்தில் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்: ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து போட்டார்களா, நாலாம் வாரம் மறுபடி போட்டார்களா, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி போட்டார்களா, அம்மைக்குப் போட்டார்களா. தேதியோடு எழுதிக் கொடுக்கிறவரிடம் வாங்குங்கள். வாயால் "எல்லாம் போட்டாச்சு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று மருந்தகத்தில் கேட்டுக் கோழியைக் கொண்டுபோங்கள். பிறகு எப்போது மறுபடி என்று அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் தடுப்பாற்றல் நன்றாகப் பிடிக்கும். சோர்ந்து நிற்கிற கோழிக்கு ஊசி போடக்கூடாது.

தடுப்பு மருந்தைக் கடையில் நீங்களே வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பேருந்தில் வந்தால் வீடு சேர்வதற்குள் அது வெறும் தண்ணீர்.

ஊருணிக்கரை | ஜனவரி 12, காலை 6:05

ஊசியெல்லாம் இப்ப வந்தது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைச்சு அரிசியில பெசஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை குடுத்தாலே கோழி துடியா இருக்கும். நான் இன்னைக்கும் குடுக்கிறேன்.

ஓய்வு ஆய்வாளர் | ஜனவரி 12, காலை 8:30

கொடுங்கள் ஆச்சி, நான் தடுக்கவில்லை. நம் கால்நடைப் பல்கலைக்கழகமே இந்த மூலிகைக் கலவையைச் சொல்லித் தருகிறது. தீனி எடுக்க, செரிக்க, உடம்பு தேற அது உதவும். ஆனால் அதை நம்பி ஊசியை விட்டுவிட்டால் கழிச்சல் தெருவுக்குள் வருகிற அன்றைக்குத் தாங்காது. அதை மட்டும் சொல்லிவிடுங்கள் அந்தப் பெண்ணிடம்.

ஊருணிக்கரை | ஜனவரி 12, காலை 9:20

சொல்றேன் சார். ஆத்தா, அவுக சொல்றதுதான் சரி. ஒரு பங்குனியில எங்கிட்ட முப்பது கோழி இருந்துச்சு, மருந்து அரைச்சுக் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரே வாரத்துல இருபத்திமூணு செத்துச்சு. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சேன். அதுக்கப்புறந்தான் பிப்ரவரி ஊசிக்குக் கூடையோட போய் நிக்கிறது. மருந்தும் அரைக்கிறேன், ஊசியும் போடுறேன். நீ ரெண்டும் செய்.

இன்னொண்ணு. கரையான் புடிச்சுக் குடு, கோழி பெருக்கும். பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலை போட்டுத் தண்ணி தெளிச்சு, சாயங்காலம் தரையில கவுத்து வச்சா விடியக்காலையில பானை நிறையக் கரையான் இருக்கும்.

கிணற்றடி | ஜனவரி 12, காலை 9:45

ஆச்சி சொன்ன கரையான் நல்ல புரதம்தான். ஆனால் தங்கச்சி, உங்கள் வீடு பழைய மரவேலை உள்ள வீடு. தேக்குத் தூண் தாங்கினாலும் மற்ற மரச்சட்டத்தையும் பரணில் கிடக்கும் பழைய ஓலைப்பெட்டியையும் விடாது. பானையை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் கடைசி வேலியோரம் வையுங்கள்.

பள்ளத்தூர் மருமகள் | ஜனவரி 29, இரவு 9:10

நேற்றுச் சாயங்காலம் ஆறும் வந்துவிட்டன. 16 வாரம். ஊசித் தேதி எழுதிய தாளும் வாங்கியாச்சு. நீங்கள் சொன்னபடி இருட்டியதும் கம்பில் ஏற்றிவிட்டோம். இன்று பகல் முழுக்க மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன, தீனி சரியாக எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

செம்மண் தோட்டம் | ஜனவரி 29, இரவு 9:30

இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொஞ்சம் வெல்லம் கரைத்து வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டுப் பக்கம் ஓடவேண்டாம் என்று சொல்லுங்கள், உட்கார்ந்து கையில் குருணை நீட்டச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மருமகள் | பிப்ரவரி 13, காலை 7:20

ஐந்துதான் இருக்கிறது. நேற்று ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போய்த் திரும்ப ஒன்பதரை ஆகிவிட்டது. கோழிகள் தாமாக ஏறிக் கம்பில் இருந்தன, டார்ச் அடித்து எண்ணினேன். கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டதாகத்தான் நினைத்தேன். காலையில் கதவு ஒரு சாண் திறந்து கிடக்கிறது. ஒரு கோழி கழுத்தில் கடிபட்டுக் கீழே கிடந்தது. சின்னவள் பள்ளிக்கூடம் போகவில்லை. முதலிலேயே கதவு கதவு என்று அண்ணன் சொன்னார்.

கிணற்றடி | பிப்ரவரி 13, காலை 7:50

மனசு விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. எனக்கு ஒரே ராத்திரியில் ஒன்பது போயிருக்கிறது. கழுத்தைக் கடித்துவிட்டுப் போட்டிருந்தால் கீரியோ மரநாயோதான். ருசி கண்டது மறுபடி வரும், இன்று ராத்திரியே வரும். சுழற்றுகிற கொக்கித் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வளையத்தில் பூட்டு மாட்டுகிற மாதிரி போடுங்கள். கீழே அடிச்சட்டத்தைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி எங்கேயாவது இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பூட்டும் வேலையை வீட்டில் ஒரே ஆளிடம் கொடுங்கள். இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் இவர் பூட்டியிருப்பார் என்று அவரும், அவர் பூட்டியிருப்பார் என்று இவரும் இருந்துவிடுவோம்.

மிச்சம் ஐந்துக்கும் முகாமில் ஊசி போட்டாச்சா?

பள்ளத்தூர் மருமகள் | பிப்ரவரி 13, இரவு 9:00

போட்டாச்சு, போன வாரமே. பூட்டும் வாங்கியாச்சு. சாவி அயித்தையிடம். "இனி நான் பூட்டாமல் படுக்க மாட்டேன்" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பள்ளத்தூர் மருமகள் | மார்ச் 21, காலை 11:15

முட்டை! நாலு நாளாக ஒரு கோழி கொண்டை சிவந்து, "கேர்ர்" என்று இழுத்துக் கத்திக்கொண்டே பானைக்குள் தலையை விடுவதும் வெளியே வருவதுமாக இருந்தது. தொடப் போனால் இறக்கையை விரித்து உட்கார்ந்துவிடும். இன்று காலை முட்டை. ஆனால் ஓடு இல்லை! தோல் மாதிரி தொளதொளவென்று இருக்கிறது. நோயா? இன்னொரு சந்தேகம்: இரண்டு கோழிகள் கிணற்றடிச் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திக் கொத்தித் தின்கின்றன.

கிணற்றடி | மார்ச் 21, மதியம் 12:40

நோய் இல்லை. தோல் முட்டை. முதல் ஒன்றிரண்டு முட்டை பல கோழிக்கு அப்படி வரும். உடம்பு ஓடு கட்டப் பழகவில்லை. சின்ன முட்டை, இரட்டைக் கரு, ஓட்டில் ஒரு ரத்தக் கோடு, எல்லாம் முதல் மூன்று வாரத்தில் சகஜம்.

ஆனால் சுவரைக் கொத்துவது, உடம்பு சுண்ணாம்புச் சத்து கேட்கிறது என்று அர்த்தம். இன்றே லேயர் தீவனத்துக்கு மாற்றுங்கள், ஒரே நாளில் வேண்டாம், ஐந்தாறு நாளில் கலந்து கலந்து. ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து போகிறது. ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். அதனால் தனிச் சட்டியில் கிளிஞ்சலை உடைத்து மாலையில் வைத்துவிடுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். தீவனத்தோடு கலக்காதீர்கள், இன்னும் முட்டைக்கு வராததும் சேர்த்துத் தின்ன வேண்டி வரும்.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்றைக்கு அரிது. கோழி கொத்தி எடுத்தால் திரும்பப் பூச ஆள் கிடைக்காது. கிளிஞ்சல் வைக்கும் வரை அந்தப் பக்கம் ஒரு தட்டியாவது வைத்து மறைத்துவிடுங்கள்.

பள்ளத்தூர் மருமகள் | மே 8, மாலை 4:50

ஏப்ரலில் வாரத்துக்கு 23 முட்டை வரை வந்தது. கிளிஞ்சல் வைத்ததிலிருந்து ஓடு கெட்டியாக இருக்கிறது, சுவர்ப் பக்கம் போவதில்லை. ஆனால் அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து நாளுக்கு இரண்டுதான். வாயைத் திறந்து கொண்டே நிற்கின்றன, இறக்கையை உடம்பை விட்டு விரித்து வைத்திருக்கின்றன. கழிச்சல் எதுவும் இல்லை.

செம்மண் தோட்டம் | மே 8, மாலை 5:20

வெயில்தான். கோழிக்கு வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். தீவனத்தை விடியற்காலை ஐந்தரைக்கும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் போடுங்கள். தீனி செரிக்கும்போது உடம்புச் சூடு ஏறும், நடுப்பகலில் அது வேண்டாம். தண்ணீர் மண்சட்டியில், நிழலில், இரண்டு மூன்று இடத்தில். சாதாரண நாளில் ஒரு கோழிக்குக் கால் லிட்டர் என்றால் இப்போது அரை லிட்டர். பிளாஸ்டிக் தட்டில் வைத்த தண்ணீர் பதினோரு மணிக்கே சுட்டுவிடும், சூடான தண்ணீரைக் கோழி தொடாது. கூட்டு வலையில் நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள், ஆனால் காற்றை அடைக்காமல் ஒரு பக்கம் மட்டும். வேம்படியில் மண்ணைக் கொத்திச் சாம்பல் போட்டுக் கொடுங்கள், அதில் புரண்டு சூட்டையும் பேனையும் தணித்துக்கொள்ளும்.

ஓய்வு ஆய்வாளர் | மே 8, இரவு 8:00

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விளக்குப் போட்டு முட்டையைக் கூட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். 14, 15 மணி நேர வெளிச்சம் முட்டையைக் கூட்டும் என்பது உண்மை. நம் ஊரில் பகல் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்குள்தான். ஆனால் இந்த வெயிலில் அதைச் செய்ய வேண்டாம். கோழி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முட்டையைக் குறைக்கிறது. குறைக்கட்டும்.

பள்ளத்தூர் மருமகள் | ஜூன் 27, இரவு 9:35

இரண்டு மழை பெய்தது, நாளுக்கு நாலு முட்டைக்குத் திரும்பிவிட்டன. பிள்ளைகள் இப்போது குஞ்சு வேண்டும் என்கிறார்கள். ஐந்தில் ஒன்றுகூட அடைக்குப் படுக்கவில்லையே, ஏன்? பத்து முட்டையைச் சேர்த்து வைத்துக் காட்டினால் படுக்குமா?

ஊருணிக்கரை | ஜூன் 28, காலை 5:45

படுக்காது ஆத்தா. முட்டைக்குன்னு பண்ணுன கோழிக்கு அடை குணத்தை எடுத்துட்டுத்தான் பண்ணுவாக. படுத்தாலும் உன் முட்டை பொரிக்காது. சேவல் இல்லாத முட்டை, இருபத்தொரு நாளும் வச்சாலும் கூமுட்டைதான்.

எங்கிட்ட ஒரு சாம்பல் நிறச் சிறுவிடை மூணு நாளா அடைக்குப் படுத்திருக்கு, சாது. முந்தா நாள்ல இருந்து சேவல் மிதிச்ச முட்டை ஒன்பது சேர்த்து வச்சிருக்கேன். கோழியும் முட்டையும் நான் தர்றேன், பொரிக்கிறதுல பாதிக்குப் பாதி பங்கு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் கோழி பெருக்குனது. பொட்டை, சேவல் எதுன்னு தெரிஞ்ச பெறகு பிரிச்சுக்கலாம், நீ முதல்ல எடுத்துக்க.

வாய் அகன்ற மண்சட்டி ஒண்ணு, பாதிக்கு ஆத்து மணல், மேல வைக்கோல். அடுப்படி ஒட்டின இருட்டு மூலையில வச்சிரு, மத்த கோழி வராத இடமா. இடி இடிச்சா முட்டை கெடும்னு ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போடுவோம், உன் அயித்தைக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை எந்திரிச்சுத் தின்னு, குடிச்சு, கழிச்சிட்டுப் போகும், அப்ப தொந்தரவு பண்ணாத. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வச்சுப் பாரு, நரம்பு ஓடுறது தெரியும். தெரியாததை எடுத்துரு.

பள்ளத்தூர் மருமகள் | ஜூன் 28, காலை 8:10

ஆச்சி, சட்டிக்கு அயித்தை இப்போதே மணல் சலித்துக்கொண்டிருக்கிறார். அடுப்படி மூலை வளவுக்குள் வருகிறதே என்று கேட்டேன். "அடைக்கோழி நடக்கவா போகுது" என்கிறார். எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்?

ஊருணிக்கரை | ஜூன் 28, காலை 8:25

பொழுது சாய வா. பகல்ல தூக்குனா கோழி அடையை மறந்துரும். மூடி போட்ட கூடையும் ஒரு பழைய சேலையும் எடுத்துக்கிட்டு வா.